இடுப்பு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

(சங்கக் கிளையின் மாதர் பகுதிக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்ட டிரெசர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்னை என்று பேசவேண்டிய மேடையில் எலும்பைப் பற்றிப் பேச இந்த டிரெசர் ஏன் வந்திருக்கிறான் என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களைச் சற்றே பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்காலில் கையை ஊன்றாமல் எழுந்தவர் எத்தனை பேர்? விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, தலைவிளக்கின் வெளிச்சத்தில் நிரை பிடித்து வெட்டி, காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய உடம்பு அது. அந்த உடம்பு கடைசிக் காலத்தில் ஒரு மூலையில் முடங்கிப் போவதற்குக் காரணமாயிருக்கிற ஒரு முறிவைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். அந்த முறிவு பலருக்குக் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. கண்டுபிடிக்கத் தவறியவர்களில் நானும் ஒருவன். ஆகவே என் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பழைய தோட்டத்தில் பால் வெட்டியவர் ஓர் அம்மாள். பெயர் வேண்டாம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பிறகு மகனோடு பட்டணத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். நாலாவது மாடி. மின்தூக்கி பாதி நாள் ஓடாது. அப்போது அவருக்கு வயது 74. ஒரு நாள் காலை, துணி துவைக்கப் போட்டிருந்த தாழ்ந்த முக்காலியில் சற்று வேகமாக உட்கார்ந்திருக்கிறார். விழவில்லை, வழுக்கவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். அன்று மாலையே நடக்க முடியவில்லை. படுத்தால் வலி தணிகிறது. எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகிறது. படுக்கையில் ஒருபக்கம் புரளவேண்டுமானால் மகன் வந்து பிடிக்கவேண்டும்.

அவருடைய மருமகள் பொல்லாதவள் அல்ல. ஆனால் அவளும் மூன்றாம் நாள், "கீழே விழக்கூட இல்லையே மாமி, எப்படி இவ்வளவு வலிக்கும்?" என்று கேட்டுவிட்டாள். கிழவி வேலைக்குப் பயந்து பாசாங்கு செய்கிறாள் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அம்மாள் என்னிடம் அழுதது வலிக்காக அல்ல, அந்தக் கேள்விக்காக. "டிரெசரையா, அந்தக் காலத்துல காய்ச்சலோட பெரட்டுக்கு நின்னவ நான். எனக்குப் போயி நடிக்கத் தெரியுமா?" என்றார்.

பழைய பழக்கம், என்னையே துணைக்குக் கூப்பிட்டார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். இளம் டாக்டர், நல்ல பிள்ளை. எங்கே வலிக்கிறது என்று மலாயில் கேட்டார். அம்மாள் தமிழில் "இடுப்புங்க" என்றார். நான் உடனே கெட்டிக்காரத்தனமாக "சாக்கிட் பிங்காங், டாக்டர்" என்றேன். பிங்காங் என்றால் முதுகின் கீழ்ப்பகுதி, நாம் அரைஞாண் கட்டுகிற இடம். டாக்டர் அந்த இடத்து முதுகெலும்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்தது. "வயதுக்கேற்ற தேய்மானம் இருக்கிறது, புது முறிவு இல்லை" என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டர்மேல் குற்றமில்லை. நான் காட்டிய இடத்தைத்தான் அவர் படம் பிடித்தார்.

ஓய்வு என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம்? படுக்கைதான். மூன்று வாரம் படுத்தார். பிட்டத்துக்கு மேலே தோல் சிவந்து, பிறகு புண்ணாயிற்று. அந்தப் புண்ணுக்காக மறுபடி போனபோது வேறொரு டாக்டரம்மா இருந்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அம்மாளைப் பார்த்து, எங்கே வலி, கையால் காட்டுங்கள் என்று சைகை செய்தார். அம்மாள் ஒரு கையைப் பின்னால் பிட்டத்தின் மேல்பாகத்தில் வைத்தார். இன்னொரு கை தயங்கிற்று. என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கையைத் தொடையிடுக்கில் வைத்தார். டாக்டரம்மா இடுப்பெலும்பின் இரண்டு பக்கத்தையும் கைகளால் மெல்ல உள்நோக்கி அழுத்தினார். அம்மாள் போட்ட சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். இம்முறை முதுகை விட்டுவிட்டு இடுப்புக்கூட்டைப் படமெடுத்தார்கள். முன்பக்கத்து எலும்பில் ஒரு கீறல். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்ததில் பின்பக்கத்துத் திரிக எலும்பில் இடமும் வலமும் இரண்டு கீறல்கள். மூன்று முறிவுகளோடு அந்தத் தாய் மூன்று வாரம் "பாசாங்கு" செய்திருக்கிறார்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்லுகிறேன். நம் உடம்பின் நடுவே இருக்கும் இடுப்புக்கூடு ஒரு வளையம். பின்னால் முதுகெலும்பின் அடிவேராக முக்கோண வடிவில் ஓர் எலும்பு. அதுதான் திரிக எலும்பு, சேக்ரம் என்பார்கள். இருபுறமும் அகன்ற இடுப்பெலும்புகள் அதிலிருந்து முன்னால் வளைந்து வந்து, அடிவயிற்றுக்குக் கீழே சந்திக்கின்றன. தலை முதல் இடுப்பு வரையுள்ள பாரமெல்லாம் இந்த வளையத்தின் வழியாகத்தான் இரண்டு கால்களுக்கும் பிரிந்து இறங்கவேண்டும். நிற்பதும் நடப்பதும் உட்காருவதும் இந்த வளையத்தின்மேல்தான். கண்ணாடி வளையலை அழுத்தினால் ஓர் இடத்தில் மாத்திரம் உடைவதில்லை. எதிர்ப்பக்கமும் விரிசல் விடும். இந்த வளையமும் அப்படித்தான். முன்னால் ஒரு கீறல் கண்டால் பின்னாலும் ஒன்று இருக்குமென்று சந்தேகப்பட வேண்டும்.

பாரத்தால் மெல்லமெல்ல விடுகிற இந்த வகைக் கீறலை டாக்டர்கள் ஸ்டிரெஸ் பிராக்சர் என்கிறார்கள். இதை முதலில் எழுதி வைத்தவர் பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், 1855-ல். நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலித்ததை அவர் கவனித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். ஆகவே உள்ளே இருந்தது எலும்புக் கீறல் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சிப்பாயின் எலும்பு நல்ல எலும்பு. பாரம்தான் அளவுக்கு மீறியது. நம் பாட்டிமார் விஷயம் தலைகீழ். பாரம் சாதாரணம், உட்காருவதும் எழுவதும்தான். எலும்புதான் பலமற்றது. இந்த இரண்டையும் பிரித்து வேறு வேறு பெயரிட்டு 1964-ல் அமெரிக்க டாக்டர்கள் மூவர் எழுதினார்கள். எலும்பு மெலிந்த முதியவர்களுக்குத் திரிக எலும்பு தானாகவே முறிவதை 1982-ல் லௌரி என்ற டாக்டர் எடுத்துக்காட்டி, இது வயோதிகரிடம் யாரும் அடையாளம் காணாத நோய் என்றார். பால்வெட்டு நூறு வருஷத்துக்கு முந்தியது. அதை வெட்டிய கைக்குரியவளின் எலும்பைப் பற்றிய அறிவு நேற்று வந்தது.

எலும்பு மெலிவு என்று நான் சொல்வது ஆஸ்டியோபொரோசிஸ். கரையான் தின்ற கதவு நிலையைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பெயிண்டு பளபளவென்றிருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். எலும்புக்குள் தேன்கூடு போல் ஒரு பின்னல் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அந்தப் பின்னல் வேகமாக மெலிகிறது. வலிக்காது, தெரியாது. உயரம் குறைவது, முதுகு கூன் விழுவது, சிறு தடுக்கலில் மணிக்கட்டு முறிவது, இவைதான் அது கொடுக்கும் எச்சரிக்கை. ஆண்களும் தப்பவில்லை. பல வருஷம் சம்சு குடித்தவர், சிகரெட்டை விடாதவர், இவர்கள் எலும்பும் மெலியும். "அது பொம்பளைங்க சீக்கு" என்று பின்வரிசையில் சிரிக்கிற தோழர் கொஞ்சம் முன்னால் வந்து உட்காரட்டும்.

வாழ்நாளெல்லாம் வெயிலில் உழைத்தவர்களுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பால்வெட்டுக்காரி வேலை செய்ததே மரநிழலில். அதுவும் கொசுவுக்கும் அட்டைக்கும் பயந்து கை கால் மூடி. இப்போதோ நாலாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி முன்னால். கால்சியம்? வாழ்நாளெல்லாம் குடித்தது டின் பால் கலந்த தேநீர். அந்த டின்னின் மேல் எழுதியிருப்பதைக் கிராணிமார் ஒருநாள் படித்துச் சொல்லட்டும். இன்று கடையில் விற்பதில் பெரும்பாலானவை பாலே அல்ல, சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த கிரீமர்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் முறிவு இல்லை என்று நாம் நினைக்கிறோம். கை எலும்புக்கு அது பெரும்பாலும் சரி. இடுப்புக்கூட்டுக்குச் சரியல்ல. திரிக எலும்பு வளைந்து உள்ளே பதிந்திருக்கிறது. அதற்கு முன்னால் குடலும், குடலில் காற்றும் மலமும். எக்ஸ்ரே எடுத்தால் அவற்றின் நிழலெல்லாம் அதன்மேல் விழுகிறது. போதாக்குறைக்கு, மெலிந்த எலும்பு படத்தில் வெளிறித்தான் தெரியும். வெளிறிய எலும்பில் மயிரிழைக் கீறலை எப்படித் தேடுவது? மங்கிய காகிதத்தில் பென்சில் கோடு. முன்பக்கத்துக் கீறல் சிலசமயம் தெரியும். பின்பக்கத்துக் கீறலைப் பெரும்பாலும் எக்ஸ்ரே காட்டாது. இரண்டு மூன்று வாரம் சென்று, எலும்பு ஆறத் தொடங்கிப் புது எலும்பு படியும்போதுதான் சிலருக்கு அது கண்ணில் படும்.

அதை நன்றாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். கீறல் விட்ட எலும்பின் உள்ளே மஜ்ஜையில் நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நீரை எம்.ஆர்.ஐ. ஆரம்பத்திலேயே காட்டிவிடும். அதற்கு எக்ஸ்ரே கதிரும் இல்லை. ஆனால் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. கிடைக்காவிட்டால் சி.டி. ஸ்கேன், கீறலின் கோட்டைக் காட்டும். எலும்பு ஸ்கேன் என்றும் ஒன்று உண்டு. ஊசி வழியாகச் சிறு அளவு கதிர்வீச்சு மருந்தை ஏற்றி எடுப்பது. திரிக எலும்பு இருபுறமும் முறிந்து குறுக்கேயும் கீறியிருந்தால், அதில் ஆங்கில எழுத்து எச் போன்ற வடிவம் ஒளிவிடும். மோட்டார் வண்டியின் சின்னம் மாதிரி இருப்பதால் ஹோண்டா அடையாளம் என்றே டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் இல்லை என்பதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் வாயும் கையும் முக்கியமாகின்றன. டாக்டர் மனத்தில் சந்தேகத்தை எழுப்புவது நோயாளி சொல்லும் கதை. அந்தக் கதை சரியாகப் போய்ச் சேர்ந்தால், அவசரம் என்று எழுதுவார். சேராவிட்டால் வலி மாத்திரை எழுதுவார்.

தமிழில் "இடுப்பு" என்பது ரொம்பப் பெரிய ஊர். பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்பு, சேலை செருகுகிற இடமும் இடுப்பு, பிரசவ வலியும் இடுப்பு வலி. டாக்டருக்கோ இடம் துல்லியமாக வேண்டும். மலாயில் பிங்காங் என்றால் முதுகின் கீழ்ப்பகுதி. பூங்கோங் என்றால் பிட்டம். பங்கால் பாஹா என்றால் தொடையின் அடி, தொடையிடுக்கு. பிங்காங்குக்கும் பூங்கோங்குக்கும் இரண்டே எழுத்து வித்தியாசம். அந்த இரண்டு எழுத்தில் நான் ஒரு தாயை மூன்று வாரம் படுக்க வைத்தேன். துணைக்குப் போகிற கிராணிமார், பேரப்பிள்ளைகள் இந்த மூன்று வார்த்தையையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதைவிட நல்லது, நீங்கள் வாயை மூடிக்கொண்டு அம்மாவையே கையால் காட்டச் சொல்வது. தொடையிடுக்கில் கை வைத்துக் காட்ட நம் பெண்கள் கூச்சப்படுவார்கள். மகனை வெளியே அனுப்பிவிட்டு மகளையோ மருமகளையோ உள்ளே அனுப்புங்கள். நர்ஸம்மாவை அருகில் இருக்கச் சொல்லுங்கள்.

என்னென்ன சொல்ல வேண்டும்? வலி எந்த நாளில் ஆரம்பித்தது; விழுந்தாரா, வேகமாக உட்கார்ந்தாரா, படி தவறினாரா, அல்லது ஒன்றுமே நடக்கவில்லையா. ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் அதையும் சொல்லுங்கள். இந்த முறிவுக்கு விழவேண்டிய அவசியமே இல்லை. நின்றால் நடந்தால் கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா, புரளும்போது குத்துகிறதா. போன மாதம் கடைக்கு நடந்து போனவர் இந்த மாதம் கழிவறைக்குக்கூட நடக்க முடியவில்லையா. இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். "வலிக்கிறது" என்று தினம் நூறு பேர் சொல்கிறார்கள். "நடந்துகொண்டிருந்தவர் நடக்கவில்லை" என்பது வேறு செய்தி. ஸ்டீராய்டு மருந்து, புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை, முடக்குவாதம் இவை முன்பு உண்டா என்றும் சொல்லவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தொடையிடுக்கு வலி என்றால் இடுப்புக்கூட்டு முறிவாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. தொடை எலும்பின் கழுத்தில் கீறல் விட்டிருந்தாலும் அங்கேதான் வலிக்கும். அதையும் முதல் எக்ஸ்ரே சிலசமயம் தவறவிடும். அந்தக் கீறலோடு நடந்தால் எலும்பு இடம் பெயர்ந்து பெரிய ஆபரேஷனாகிவிடும். ஆகவே என்ன முறிவு என்று தெரியும்வரை "கொஞ்சம் நடந்து பாருங்கம்மா, சரியாயிடும்" என்று வீட்டில் யாரும் இழுக்காதீர்கள். சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தக் கீறல்களைப் படத்தில் பார்த்துப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது. கர்ப்பப்பை வாயில் புற்று வந்து கதிர் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு அந்த எண்ணம் சுலபமாக வரும். அதே கதிர் சிகிச்சைதான் எலும்பையும் பலவீனப்படுத்தியிருக்கும். கேள்விப்பட்ட மாத்திரத்தில் குடும்பமே துக்க வீடாகிவிடும். கீறல் இருக்கும் இடம், அதன் திசை, இருபக்கமும் ஒத்திருப்பது, இவற்றைக் கொண்டு படம் படிக்கும் நிபுணர் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார். ரத்தம் எடுத்துக் கால்சியம், சிறுநீரகம், தைராய்டு, வைட்டமின் டி, புரதம் எல்லாம் பார்ப்பதும் இதற்குத்தான்; மஜ்ஜையில் வரும் மைலோமா என்னும் புற்று போன்றவை இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். "ஏன் இத்தனை ரத்தம் எடுக்கிறான்" என்று கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

முறிவு என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். கீறல்கள் விலகாமல் இருந்தால் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் வேண்டியதில்லை. எலும்பு தானே ஆறும். சில வாரம், சிலருக்குச் சில மாதம். ஆனால் ஆறுவதற்கு வழி படுக்கை என்று எண்ணினோமே, அதுதான் தப்பு. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், தோல் புண்ணாகும், தசை கரையும், எலும்பு மேலும் மெலியும். எலும்பு முறிந்து சாகிற கிழவர்களைவிட, முறிந்தபிறகு படுத்ததால் சாகிற கிழவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே டாக்டர் சம்மதித்ததும், வலிக்குத் தகுந்த மருந்தைக் கொடுத்து, நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் நிற்க, பிறகு இரண்டடி, பிறகு கழிவறை வரை. வலி மாத்திரையைக் குறைத்துத் தின்றால் நல்லவள் என்று பெயர் வாங்கலாம் என நம் பெண்கள் நினைக்கிறார்கள். மாத்திரை தின்று நடப்பது, தின்னாமல் படுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கூடவே, எலும்பு மெலிவுக்கும் வைத்தியம் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறிவு வரும். எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா என்ற சோதனை இருக்கிறது. அதில் இளவயது எலும்போடு ஒப்பிட்டு மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்பு மெலிவு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு 1994-ல் வகுத்த கணக்கு. ஆனால் வயோதிகத்தில் சும்மா உட்கார்ந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால், எண்ணுக்காகக் காத்திராமலே வைத்தியம் செய்யலாம். வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை பலருக்குக் கொடுக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும், தேநீரில் கூடாது. பிறகு அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, தின்னவும் கூடாது. படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும். இதைச் சொல்லிக் கொடுக்காததால் எத்தனையோ பேர் "நெஞ்செரியுது" என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். பல வருஷம் சாப்பிடுகிறவர்கள் தொடையில் புதிதாக வலி வந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். பல் பிடுங்குமுன் பல் டாக்டரிடமும் சொல்லவேண்டும்.

சாப்பாட்டில், 50 வயது தாண்டிய பெண்ணுக்குத் தினம் 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்திலி, தவ்வு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, தயிர். நெத்திலியை உப்புப் போக நன்றாகக் கழுவிச் சமையுங்கள். காலை வெயிலில் படியிறங்கி வந்து சற்று நேரம் நடக்கட்டும்.

அந்த அம்மாளுக்கு வருகிறேன். அவர் எலும்பு ஏன் அவ்வளவு மோசமாயிருந்தது என்று டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். முகம் உப்பி வட்டமாயிருந்தது. கையில் தொட்ட இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. வீட்டில் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். "ஒண்ணுமில்லை, நாட்டு மருந்துதான்" என்றார் அம்மாள். மகன் போய் எடுத்து வந்தான். பாசார் மாலாமில் முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரை. பல வருஷமாக நாளுக்கு இரண்டு. "தின்ன அரைமணியில வலி பறந்துடும்" என்று லயத்துப் பழைய சிநேகிதிகளுக்கெல்லாம் இவரே சிபாரிசு செய்திருக்கிறார். வேரும் பட்டையும் அரைமணியில் வலியைப் பறக்க விடாது, தாய்மார்களே. இப்படிப்பட்ட ஜாமு, மாஜுன், மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாகக் கலந்து விற்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலியை மறைக்கும். உள்ளே எலும்பைக் கரையான் போல் தின்னும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பதிவு பெற்ற மருந்தென்றால் பெட்டியில் ரூமி எழுத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும், பளபளக்கும் முத்திரையும் இருக்கும். அவற்றையும் போலியாக ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆகவே எண்ணை மருந்தகத்தில் காட்டிக் கேளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்த மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு தின்ற உடம்பு, தானே அதைச் சுரப்பதை மறந்துவிடும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். திட்டுவாரே என்று ஒளிக்காதீர்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மா என்னிடம் கேட்டார், "உருவி விட்டால் சரியாகாதா, ஐயா?" என்று. சுளுக்குக்கு உருவுகிறவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் அறுபது தாண்டியவர் திடீரென நடக்க முடியாமல் பிட்டத்திலோ தொடையிடுக்கிலோ வலி என்றால், படமெடுத்துப் பார்க்கும்வரை யாரும் உருவவும் கூடாது, காலால் மிதிக்கவும் கூடாது, ஈர்க்கவும் கூடாது. மெலிந்த எலும்பில் கீறல் முறிவாகும்.

அந்த அம்மாளுக்கு நாலு மாதத்தில் எலும்பு ஆறிவிட்டது. படுக்கைப் புண் ஆற ஏழு மாதமாயிற்று. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நாலாவது மாடியிலிருந்து தனியே இறங்குவதில்லை. மருமகள்தான் ஒரு கையைப் பிடித்து இறக்கிவிடுகிறாள். கீழ்த்தளத்துக்கு வீடு மாற்றிக் கேட்டு மகன் எழுதிக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதைக் கிளைக் காரியதரிசி அவர்களிடம் இன்று கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன். தங்கள் வீட்டிலும் படியேற முடியாத பெரியவர்கள் இருப்பவர்கள், போகுமுன் அவரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.